உங்களுக்குத் தெரியுமா? திரை சொல்லும் மைலேஜ், பில் சொல்லும் மைலேஜ்

★ காரின் திரையில் வரும் மைலேஜ் கணக்குக்கும், பெட்ரோல் டேங்க்கில் மிதக்கும் மிதவைக்கும் சம்பந்தமே கிடையாது. டேங்க்கில் எவ்வளவு குறைந்தது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி விநாடி திறந்திருந்தது என்பதை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. எண்ணிக்கொண்டே வருகிறது. இவ்வளவு நேரம் திறந்தால் இவ்வளவு பெட்ரோல் போகும் என்று தொழிற்சாலையில் எழுதிக் கொடுத்த எண் ஒன்று அதனிடம் இருக்கிறது. இரண்டையும் பெருக்கிச் செலவைக் கணித்துக்கொள்கிறது. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இதுதான் ஏற்பாடு. வண்டி பழசாகி இன்ஜெக்டர் முனையில் கரி படிந்தால், அதே பெட்ரோலை அனுப்ப அது கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டிவரும். எழுதிக் கொடுத்த எண் மட்டும் மாறாது. அப்போது நிஜத்தில் செலவானதைவிட அதிகமாகச் செலவானதாகத் திரை கணக்கு எழுதும்.

★ ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபுல் டேங்க் அடித்து, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கிளம்புகிறீர்கள். 420 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஃபுல் டேங்க். பில்லில் 25 லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு 16.8 கி.மீ. திரையிலோ 17.8. ஒரு கிலோமீட்டர்தானே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் திரை சொல்வது சரியென்றால் 23.6 லிட்டர்தான் செலவாகியிருக்க வேண்டும். மிச்சம் 1.4 லிட்டருக்குப் பில் கட்டியிருக்கிறீர்கள். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 140 ரூபாய். பெரும்பாலான வண்டிகளில் திரை பிசகுவது இந்தப் பக்கமாகத்தான், அதாவது ஓட்டுநருக்கு இனிக்கும் பக்கமாக.

★ அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2022-ல் 10 வாகனங்களை உருளை மேடையில் ஓட்டி, திரை காட்டிய மைலேஜையும் உண்மையில் செலவான எரிபொருளையும் ஒப்பிட்டது. சராசரிப் பிசகு 2.3 சதவீதம்தான். ஆனால் ஒரு வண்டி 6.4 சதவீதம் கூட்டிச் சொன்னது. இன்னொன்று 2.2 சதவீதம் குறைத்தே சொன்னது. சராசரியைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். உங்கள் வண்டி எந்த ரகம் என்பதுதான் கேள்வி.

★ பேப்பரில் போடும் கணக்கும் முழுக்க சுத்தம் இல்லை. அதில் வரும் கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? அதே ஓடோமீட்டரிலிருந்துதான். தூரத்தில் பிழை இருந்தால் திரையின் கணக்கிலும் அது இருக்கும், உங்கள் கணக்கிலும் இருக்கும். ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். ஆகவே திரைக்கும் பில்லுக்கும் வித்தியாசம் வந்தால், அது எரிபொருள் பக்கத்து வித்தியாசம் மட்டுமே. “மீட்டர் வேகத்தைக் கூட்டிக் காட்டும், அதனால்தான் மைலேஜும் தப்பு” என்று டீக்கடையில் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

★ ஆனால் டயர் ஒரு வேலை செய்யும். வண்டி தூரத்தை அளப்பது சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்து. புது டயரில் பட்டன் ஆழம் ஏழெட்டு மில்லிமீட்டர். அதில் 6 மி.மீ. தேய்ந்தால், 300 மி.மீ. ஆரமுள்ள சக்கரம் 2 சதவீதம் சிறுத்துப்போகிறது. 98 கி.மீ. போனாலே 100 என்று காட்டும். மைலேஜும் அதே அளவு கூடியதுபோல் இருக்கும். நேர்மாறான கூத்தும் உண்டு. 185/65 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு, பார்க்கக் கம்பீரமாக இருக்கிறதே என்று 195/65 ஆர்15 மாட்டினால் விட்டம் சுமார் 621-லிருந்து 634 மி.மீ. ஆகிவிடும். “டயர் மாற்றினதிலிருந்து மைலேஜ் இறங்கிவிட்டது” என்ற புலம்பலில் 2 சதவீதம் வெறும் எண் மாயம்.

★ வித்தியாசம் வந்ததும் முதலில் பழி விழுவது பங்க்கின் தலையில். சட்டம் சொல்லும் அளவு இது: 5 லிட்டர் போட்டால் கூடவோ குறையவோ 25 மி.லி. வரை பிசகலாம். அதாவது அரை சதவீதம். 25 லிட்டருக்கு 125 மி.லி. மேலே காணாமல் போன 1.4 லிட்டரில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுக் குவளை இருக்க வேண்டும். அளந்து காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. கேட்பவர்கள்தான் குறைவு.

★ நாசில் ‘டக்’கென்று தானாக நிற்கிறதே, அதில் மின்னணுச் சங்கதி எதுவும் இல்லை. நாசிலின் நுனியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். பெட்ரோல் பாயும் வேகத்தில் அந்தத் துளை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்து பெட்ரோல் மட்டம் துளையை மூடியதும் காற்று வரத்து நின்று, உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஒரு சவ்வை இழுத்து வால்வை மூடிவிடும். நுரை பொங்கினாலும் இதே கதைதான். வேகமாக அடித்தால் முன்னதாகவே நிற்கும். நாசிலைச் செருகிய கோணம், வண்டி நிற்கும் தரையின் சரிவு, எல்லாமே ‘ஃபுல்’ என்பதற்குப் புதிய விளக்கம் கொடுக்கும்.

இதன் விளைவை அதே 420 கி.மீ. கணக்கில் பாருங்கள். இந்த முறை நாசில் ஒன்றரை லிட்டர் முன்னதாகவே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பில்லில் 23.5 லிட்டர். வகுத்தால் 17.9. அடடா, திரை சொன்னது சரியாகத்தான் இருக்கிறது என்று சந்தோஷப்படுவீர்கள். அடுத்த 420 கி.மீ. ஓடி நிரப்பும்போது விட்டுப்போன ஒன்றரை லிட்டரும் சேர்ந்து 26.5 லிட்டர் பிடிக்கும், கணக்கு 15.8 என்று வரும். என்ஜினில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கிடம் ஓடுவீர்கள். இரண்டையும் சேர்த்து 840 கி.மீ.க்கு 50 லிட்டர் என்று போட்டால் பழையபடி 16.8. ஒரு டேங்க்கின் பிழை அடுத்த டேங்க்கில் நேர் எதிராகத் திரும்பி வருகிறது. அதனால்தான் நான்கைந்து டேங்க்குகளைச் சேர்த்துக் கூட்டச் சொல்கிறார்கள். எத்தனை தடவை நிரப்பினாலும் முதல் நிரப்பலின் பிழையும் கடைசி நிரப்பலின் பிழையும்தான் மிஞ்சும். நடுவில் வந்தவை எல்லாம் கரைந்துவிடும்.

★ “ரவுண்டாப் போட்டுடவா சார்?” என்ற கேள்விக்குத் தலையாட்டினால் அன்றைய கணக்கு அம்பேல். ஆட்டோ கட் ஆன பிறகு ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு அளவு திணிக்கப்படுகிறது. கணக்கைவிடப் பெரிய கேடும் உண்டு: டேங்க்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் போய்விட்டால் அதை மாற்றத்தான் வேண்டும்.

★ 37 லிட்டர் டேங்க் என்று கையேட்டில் போட்டிருக்கும் காரில் 39 லிட்டர் போட்டதாகப் பில் வந்தால் அதுவே மோசடிக்கு ஆதாரம் ஆகிவிடாது. கையேட்டில் இருப்பது கழுத்துவரை நிரப்பிய அளவு இல்லை. வெப்பத்தில் பெட்ரோல் விரிய மேலே இடம் விட்டுத்தான் அதைச் சொல்கிறார்கள். நிரப்பும் குழாயின் கொள்ளளவும் அதில் சேராது.

★ பைக்கில் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி நிரப்பினால் ஒரு ஃபுல் டேங்க், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் இன்னொரு ஃபுல் டேங்க். பத்துப் பன்னிரண்டு லிட்டர் டேங்க்கில் அரை லிட்டர் மாறினாலே 4, 5 சதவீதம் பறந்துவிடும். பங்க் ஊழியர் கண்ணால் பார்த்து நிறுத்துவதுதான் அங்கே ஆட்டோ கட். பழைய மெக்கானிக்குகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். டேங்க்கின் குழாயைக் கழற்றிவிட்டு, 100 மி.லி. பெட்ரோல் ஊற்றிய பாட்டிலைத் தொங்கவிட்டு, அதிலிருந்து கார்புரேட்டருக்குக் குழாய் கொடுப்பார்கள். வண்டி நிற்கும் இடம்வரை எத்தனை கி.மீ. ஓடியதோ அதைப் பத்தால் பெருக்கினால் மைலேஜ். ஒரு திரையும் இந்தத் துல்லியத்தைத் தொட முடியாது என்பேன். சிக்னலில்லாத சாலையில் ஓட்டிப் பார்த்து வாடிக்கையாளரிடம் பெருமை பேசிய மெக்கானிக்குகளும் உண்டு என்பது வேறு விஷயம்.

★ 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 விதி வந்த பிறகுதான் நம் ஊர் சாதாரண பைக்குகளில்கூட மைலேஜ் காட்டும் திரை பரவலானது. காரணம் எளிது. கார்புரேட்டருக்குத் தான் எவ்வளவு பெட்ரோல் விட்டோம் என்று தெரியாது. புகை விதிக்காக இன்ஜெக்டர் வந்தது. கூடவே எண்ணும் மூளையும் வந்துவிட்டது.

★ காலையில் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும், அப்போதே போடு என்பது பரவலான அறிவுரை. 10 டிகிரி வெப்பத்துக்குப் பெட்ரோல் ஏறத்தாழ 1 சதவீதம் விரிவது உண்மைதான். ஆனால் பங்க்கின் டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

★ அடர்த்தி வேறொரு இடத்தில் விளையாடுகிறது. பங்க்கில் ‘டென்சிட்டி’ என்று ஒரு எண் எழுதி வைத்திருப்பார்கள். 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் பெட்ரோல் 720 முதல் 775 கிலோ வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இரண்டு முனைகளுக்கும் இடையே 7 சதவீதம். நாம் காசு கொடுப்பது லிட்டருக்கு. என்ஜினோ எடைக் கணக்கில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கிறது. அந்த எடையை லிட்டராக மாற்ற ஈ.சி.யூ. ஒரு நடுத்தர அடர்த்தியை வைத்துக்கொள்கிறது. அன்றைக்கு லாரியில் வந்த சரக்கு அதைவிட லேசானதாக இருந்தால் திரைக்கும் பில்லுக்கும் இடையே இடைவெளி விழும். இதில் கார்க் கம்பெனியையும் குறை சொல்ல முடியாது, பங்க்கையும் குறை சொல்ல முடியாது.

★ இப்போது எத்தனால் கதை. 2022 ஜூனில் இந்தியா பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. 2025-ல் 20 சதவீதம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் என்றால், எத்தனாலில் 21 மெகாஜூல்தான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் சேர்ந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 7 சதவீத ஆற்றல் குறைகிறது. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டு அறிக்கையே இதை மறைக்கவில்லை: சுத்த பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம், அதேபோன்ற இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம், 20 சதவீதக் கலப்புக்கே சரிசெய்யப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று மதிப்பிட்டது.

இந்தக் குறைவைத் திரை காட்டுமா? இன்ஜெக்டர் திறந்த நேரத்தை எண்ணும் வண்டியில் காட்டும். எத்தனால் எரியக் காற்று குறைவாகவே போதும். அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். ஆக்சிஜன் சென்சார் கேட்கக் கேட்க இன்ஜெக்டர் கூடுதல் நேரம் திறக்கும், செலவு கணக்கில் ஏறும். ஆனால் என்ஜின் இழுத்த காற்றை அளந்து, அதிலிருந்து பெட்ரோலைக் கணிக்கும் முறையும் ஒன்று இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் மாட்டும் சிறு கருவியும் அதற்கான போன் செயலிகளும் பெரும்பாலும் இப்படித்தான் கணக்கிடுகின்றன. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது அவற்றின் பாலபாடம். 20 சதவீதக் கலப்பில் அது 13.5-க்கு இறங்கிவிட்டது. செயலியின் அமைப்பில் போய் மாற்றாதவரை, அது 7, 8 சதவீதம் அதிக மைலேஜ் சொல்லி உங்களைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும்.

★ மைலேஜ்களைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுப்பது தப்பு. நகரத்துக்குள் 100 கி.மீ.க்கு லிட்டருக்கு 10, நெடுஞ்சாலையில் 100 கி.மீ.க்கு 20 என்றால் சராசரி 15 இல்லை. முதல் பாதிக்கு 10 லிட்டர், இரண்டாம் பாதிக்கு 5 லிட்டர். 200-ஐ 15-ஆல் வகுத்தால் 13.3. டைரியில் எழுதிவைப்பவர்கள் பலர் சறுக்கும் இடம் இதுதான். திரை இந்தத் தப்பைச் செய்வதில்லை. மொத்தத் தூரத்தையும் மொத்தச் செலவையும் தனித்தனியாகத்தான் வைத்துக்கொள்ளும்.

★ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, கியரில் இருக்கிறபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ‘உடனடி மைலேஜ்’ 99.9 என்றோ அந்தத் திரைக்கு எழுதிய உச்ச எண்ணிலோ போய் நின்றுவிடும். அது உச்சம் இல்லை, முடிவிலி. இன்ஜெக்டர் முழுசாக மூடிக்கிடக்கிறது. சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. பெட்ரோல் மிச்சப்படுத்துகிறேன் என்று நியூட்ரலில் இறக்குபவரின் என்ஜின், அணைந்துவிடாமல் இருக்க, மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாத கணக்கில் குடித்துக்கொண்டேதான் இருக்கும். என்ஜின் பிரேக்கும் போச்சு, பெட்ரோலும் போச்சு.

★ ‘இன்னும் இவ்வளவு தூரம் போகலாம்’ என்று திரை சொல்வதில் மட்டும் டேங்க் மிதவைக்குப் பங்கு உண்டு. மிச்சமிருக்கும் லிட்டரை, கொஞ்ச நேரத்துக்கு முன்வரை கிடைத்த மைலேஜால் பெருக்குகிறார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் பெருங்களத்தூர் நெரிசலில் 300 என்று இருந்தது, செங்கல்பட்டு தாண்டி நிதானமாக 80-ல் போகும்போது 340 ஆகும். பெட்ரோல் ஊறவில்லை.

★ விளம்பரத்தில் வரும் மைலேஜ் இவை எல்லாவற்றுக்கும் தாத்தா. 1966-ல் தொடங்கிய புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற ஆய்வுக்கூடங்களில், காரை உருளைமேல் நிறுத்தி, ஏ.சி. போடாமல், வகுத்துவைத்த ஓட்டத்தில் ஓட்டுகிறார்கள். அந்த ஓட்டத்தின் அதிகபட்ச வேகம் 90 கி.மீ. வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் பெட்ரோலை யாரும் அளப்பதில்லை. சைலன்சர் புகையைப் பைகளில் பிடித்து, அதிலிருக்கும் கார்பனை எண்ணி, இவ்வளவு கார்பன் வெளியே வந்ததென்றால் இவ்வளவு பெட்ரோல் உள்ளே போயிருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். கேட்க விசித்திரம், ஆனால் இதுவரை சொன்ன முறைகளில் பாட்டில் முறைக்கு ஈடாகச் சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

★ ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் பதிவாகும் புதிய பெட்ரோல், டீசல் கார்களுக்குள் எரிபொருள் செலவைப் பதிவுசெய்யும் கருவி கட்டாயம். 5 சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது என்பதும் சட்டம். அந்தக் கருவிகள் தந்த புள்ளிவிவரத்தை 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டது. ஆய்வுக்கூட எண்ணைவிட நிஜச் சாலையில் பெட்ரோல் கார்கள் 23.7 சதவீதமும், டீசல் கார்கள் 18.1 சதவீதமும் கூடுதலாகப் புகை விட்டன. பிளக்-இன் ஹைப்ரிட்கள் சராசரியாக மூன்றரை மடங்கு! சார்ஜ் போடச் சொன்ன காரைப் பலர் பெட்ரோலிலேயே ஓட்டினார்கள்.

★ 1978-ல் காடிலாக் செவில் காரில், மோட்டரோலா சில்லுடன் கூடிய பயணக் கம்ப்யூட்டர் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. விலை 920 டாலர். சராசரி மைலேஜும் மிச்சத் தூரமும் காட்டும். இவ்வளவு பணம் கொடுத்தவர்கள் எத்தனை காலன் மிச்சம் பிடித்தால் ஈடாகும் என்று அந்தக் கம்ப்யூட்டரிடமே கேட்டிருக்கலாம்.

★ பி.எஸ். 6 டீசல் காரில் எந்த மாற்றமும் செய்யாமலே திடீரென்று மைலேஜ் சரிந்து, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி நிறைந்ததும், அதை எரித்துத் தள்ள ஈ.சி.யூ. தானாகவே கூடுதல் டீசல் விடுகிறது. அந்த டீசல் வண்டியை ஓட்ட உதவுவதில்லை, கணக்கில் மட்டும் ஏறும்.

★ திரையைத் திருத்த முடியும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்கள் பலவற்றில், பரிசோதனைக் கருவியை மாட்டினால் மைலேஜ் கணக்குக்கான திருத்த எண் கிடைக்கும்; 85 முதல் 115 சதவீதம் வரை மாற்றலாம். மற்ற கார்க்காரர்களுக்குப் பேனாவே போதும். மேலே சொன்ன காரில் 16.8-ஐ 17.8-ஆல் வகுத்தால் 0.944. இனி திரை 20 காட்டினால் 18.9 என்று எடுத்துக்கொள்ளலாம். பிசகு பெரும்பாலும் ஒரே அளவில்தான் இருக்கும் என்பதால், இந்த வாரம் எப்படி ஓட்டினோம், போன வாரம் எப்படி ஓட்டினோம் என்று ஒப்பிட நான் திரையைத்தான் நம்புவேன். காசுக் கணக்குக்கு மட்டும் பில்.

★ மின்சாரக் கார் வாங்கியவர்கள் இதிலிருந்து தப்பித்துவிடவில்லை. யூனிட்டுக்கு இத்தனை கி.மீ. என்று திரை சொல்வது பேட்டரியிலிருந்து வெளியே வந்த மின்சாரத்தை வைத்து. வீட்டுச் சுவரிலிருந்து பேட்டரிக்குள் போகும் வழியில் சார்ஜரும் வயரும் பேட்டரியும் சூடாகி வீணாகும் பங்கு அதில் சேராது. வீட்டில் சார்ஜ் போடும்போது இந்தச் சேதாரம் பத்து சதவீதமும் அதற்கு மேலும் ஆகலாம். திரை 30 யூனிட் செலவு என்று சொன்ன பயணத்துக்கு ஈ.பி. மீட்டரில் 33, 34 ஏறியிருக்கும். போர்ட்டிகோவில் தனி சப் மீட்டர் வைத்தவர்களுக்கு இது மாதாமாதம் தெரியும்.